சைடுபோர்டும் நீலக்கரைத் தட்டும்

பனிமேட்டில் வெள்ளைக்காரர்களின் கிளப்பை மூடி அதன் சாமான்களை ஏலம் விட்ட வருஷத்தில், ஒரு வேலைக்காரி சோறு தின்னும் தட்டு, காலும் இல்லாமல் கையும் இல்லாமல் மூன்று அடுக்கு ஏறிப் போய், அங்கே சாமியானது. ஏறியது தட்டு, சாமியாக்கியது ஊர். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முதலாவதைச் செய்ய ஒரு மரச்சாமான் போதுமாயிருந்தது, இரண்டாவதைச் செய்ய ஓர் ஊருக்கே புத்தி கெட வேண்டியிருந்தது. அந்த வேலைக்காரி என் மனைவி பூவாயி. அவள் போய்ப் பதினோரு வருஷமாகிறது. என் பெயர் சடையன். காபிக் கொட்டை மூட்டையில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றவன் நான். எழுத்தில் குறை இருந்தால் அது மூட்டையின் குறை.

ஏலத்துக்கு மலையில் இருந்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். என் முதலாளி தணிகாசலமும் போனார். கிடங்கில் மூட்டை தூக்குகிற எங்கள் எட்டுப் பேரையும், எதை வாங்கினாலும் தூக்கி வர வேண்டுமே என்று கூட்டிப் போனார். நாற்காலி போனது, மேஜை போனது, சுவரில் மாட்டியிருந்த கடமான் தலை கூடப் போனது. கடைசியாக ஒரு கறுத்த பெரிய சாமானைச் சுவரோரம் காட்டி விலை கேட்டபோது, மலையடிவார ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தூக்கினார். டாக்டர் தூக்கினார் என்பதற்காகவே எங்கள் முதலாளியும் தூக்கினார். டாக்டர் இறக்குகிற வரைக்கும் இவர் இறக்கவில்லை. வாங்கி முடித்து, வேட்டியை உதறி, மூச்சு விட்ட பிறகுதான் ஏலக்காரனைக் கேட்டார்: "அது சரி, இது என்ன சாமான்?"

"சைடுபோர்டு சார். டைனிங் ரூம்ல வைக்கிறது."

"எதுக்கு?"

"சும்மா வைக்கிறதுதான் சார். பீங்கான், வெள்ளிச் சாமானெல்லாம் உள்ள அடுக்கி வெப்பாங்க. சாப்பிடறப்போ பார்க்கலாம்."

சாப்பிடும்போது சோற்றைப் பார்ப்பதுதான் அதுவரை அவருக்குப் பழக்கம். ஆனால் கை தூக்கியாயிற்று.

ஈட்டி மரம். சிங்கக் கால் நாலு. நடுவில் வெள்ளைச் சலவைக்கல் பலகை, அதற்கு மேலே கண்ணாடிக் கதவு போட்ட அடுக்கு, பின்னால் ஆள் முகம் தெரிகிற கண்ணாடி. சலவைக்கல்லுக்குக் கீழே பித்தளைக் கைப்பிடி வைத்த இழுப்பறைகள், அதற்கும் கீழே, தரையை ஒட்டினாற்போல், உட்பக்கம் தகடு அடித்த ஓர் அறை. வெள்ளைக்காரர்கள் சாராயப் பாட்டில்களை அந்த அறையில்தான் வைத்திருந்தார்கள், கதவைத் திறந்தால் இன்னும் மணந்தது. எட்டுப் பேரும் அதைத் தோளில் போட்டு ஒன்றரை மைல் மேடேறி வந்தோம். வீட்டு வாசலில் அது நுழையவில்லை. திருப்பிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். கடைசியில் முதலாளி சுவரை இடிக்கச் சொன்னார். அப்படி அந்த வீட்டுக்குள் அது, சுவரை உடைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணைப் போலப் போனது.

உள்ளே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த வீட்டில் சாப்பாட்டு அறை என்று ஒன்று கிடையாது. எல்லாரையும் போல அவர்களும் அடுப்படியை ஒட்டிய நடையில் மணை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான். அதனால் சைடுபோர்டு வந்த பிறகு அதற்காக ஓர் அறை ஒழிந்தது, அறைக்காக ஒரு மேஜை வந்தது, மேஜைக்காக ஆறு நாற்காலி வந்தது. முதலாளி நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் சாப்பிட்டார். எட்டாம் நாள் முட்டி வலிக்கிறது என்று பழையபடி மணைக்குப் போய்விட்டார். வாசலில் யாராவது செருப்பு விடும் சத்தம் கேட்டால் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மேஜையில் உட்காருவார். எத்தனை தரம் அந்த ஓட்டத்தைப் பூவாயி பார்த்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள்.

முதலாளி சம்சாரம் கோமளவல்லியம்மா கண்ணாடி அடுக்கைத் தன் கையாலேயே நிரப்பினார். தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒரு டஜன், பிளாஸ்க், மெழுகு ஆப்பிள், மகன் பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்துக்கு வாங்கின கோப்பை, வாத்து மாதிரி ஒரு கண்ணாடிப் பொம்மை. அந்தப் பீங்கானில் ஒரு நாளும் யாரும் ஒரு பருக்கை தின்றதில்லை. பார்ப்பதற்கு வைத்ததைத் தின்பதற்கு எடுப்பார்களா? ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அடுத்த ஆறு மாசத்தில் பனிமேட்டில் பத்து வீட்டில் பிளைவுட் சைடுபோர்டு வந்தது. மழைக்காலத்தில் பத்தும் உப்பின.

இனி தட்டு.

முதலாளி வீட்டு அவுட்ஹவுஸில்தான் நாங்கள் குடியிருந்தோம். பூவாயி ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, மத்தியானம் அங்கேயே ஒரு வேளை சாப்பிடுவாள். அவள் தட்டு அவளே கொண்டுபோனது. வெள்ளை எனாமல் தட்டு, நீலக் கரை. அது பின்பக்க மதில் மேல் கவிழ்ந்து கிடக்கும். அந்த ஊரில் வேலைக்காரர்கள் தட்டெல்லாம் மதில் மேல்தான். வீட்டுப் பாத்திரத்தோடு சேரக் கூடாது. இதை ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை. அந்தத் தட்டின் நீலக் கரையில் ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்து கறுப்பாகத் தெரியும். எங்கள் மகள் செல்லாயி, பசி வந்தால் கரண்டியால் தட்டைத் தட்டித் தட்டிச் சோறு கேட்பாள். அவள் தட்டின இடம் அது. நாலாம் வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளை எந்தப் படத்திலும் பிடித்து வைக்கவில்லை. அவள் உலகத்தில் இருந்தாள் என்பதற்கு அந்தச் சில்லு ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

குரங்குகளுக்கு அது தெரியாது. இரண்டு தரம் தட்டைத் தூக்கிக்கொண்டு சவுக்கு மரத்தில் ஏறிவிட்டன. இரண்டு தரமும் நான் ஏறி இறக்கினேன். மூன்றாம் தரம் போனால் கிடைக்காது என்று பூவாயிக்குப் பயம் வந்தது.

"அம்மா, தட்டை உள்ளார எங்கியாச்சும் ஒரு மூலையில வெச்சுக்கட்டுங்களா?"

கோமளவல்லியம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் முகம் தெளிந்து சொன்னார்: "அந்தச் சைடுபோர்டுல கீழ ஒரு அறை இருக்குல்ல? வெள்ளைக்காரன் சாராயம் வெச்ச அறை. எத்தனை கழுவினாலும் தீட்டுப் போகாது. அதுல நாங்க ஒண்ணும் வெக்கப் போறதில்ல. நீ வெச்சுக்க."

பூவாயி வைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், சோறு போடும் நேரத்துக்குக் கீழறையைத் திறந்தால் தட்டு இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேலே, கண்ணாடிக் கதவுக்குள், தங்கக் கரைப் பீங்கானுக்கு நடுவில், மெழுகு ஆப்பிளைத் தள்ளிவிட்டு, நீலக்கரைத் தட்டு நின்றுகொண்டிருந்தது.

"ஏண்டி, என்னடி கொழுப்பு உனக்கு!" என்று கோமளவல்லியம்மா போட்ட கூச்சல் கிடங்கில் இருந்த எனக்குக் கேட்டது.

"நான் கீழதானுங்கம்மா வெச்சேன்."

"அப்ப அதுவா நடந்து போச்சா? இன்னொரு தரம் இப்படிப் பண்ணினே, புருஷனும் நீயும் அவுட்ஹவுஸைக் காலி பண்ணிக்கிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்."

தங்கக் கரைப் பீங்கான் பன்னிரண்டையும் எடுத்துப் புளி போட்டுக் கழுவினார்கள். தட்டைக் கீழே தள்ளி, கீழறையைப் பூட்டி, கண்ணாடிக் கதவையும் பூட்டி, சாவி இரண்டையும் கோமளவல்லியம்மா இடுப்பில் சொருகிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் இரண்டு பூட்டும் பூட்டியபடி இருந்தன. தட்டு மேலே இருந்தது.

இங்கேதான் புத்தியுள்ள யாராவது ஒருவர் என்ன செய்திருப்பார் என்று நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். 'சரி, அது அங்கே இருக்க நினைக்கிறது போலிருக்கிறது, இருக்கட்டும், பூவாயி அதில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே வைக்கட்டும்' என்று ஒரு பேச்சு. அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சைச் சொல்லிவிடாமல் இருப்பதற்காக அந்த ஊர் பட்ட பாட்டை எழுத ஒரு நோட்டு போதாது.

முதலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சபாபதி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பின்னால் இருக்கிற கண்ணாடியில் தன் மீசையையும் பார்த்துக்கொண்டார். "இது ஒளியோட வேலை. பனி மூட்டத்துல கீழ இருக்கிறது மேல இருக்கிற மாதிரி தெரியும். தட்டு கீழதான் இருக்கு" என்றார். கையை நீட்டி மேலே இருந்த தட்டைத் தொட்டார். கொஞ்ச நேரம் தொட்டபடியே நின்றார். "பிம்பம் சில்லுனு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

ஏலத்தில் தோற்ற டாக்டர் வந்து, கறையான் அரித்த மரம் இப்படித்தான் உள்ளுக்குள் நெளியும், நான் வேண்டுமென்றேதான் கையை இறக்கினேன் என்றார்.

மூன்றாவதாக முருகன் கோயில் பூசாரி சிற்றம்பலம் வந்தார். வந்தவர் தட்டைப் பார்த்ததுமே மேல்துண்டை இடுப்பில் கட்டிவிட்டார். "பூட்டின அறைக்குள்ள இருந்து பூட்டின அறைக்குள்ள வந்திருக்குன்னா, இது நம்ம கையில இல்லீங்க. யார் தட்டு இது?"

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். பூவாயி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். வாயைத் திறக்கப் போனாள்.

"எங்க வீட்டுத் தட்டு" என்றார் கோமளவல்லியம்மா.

மூன்று நாள் முன்னால் புளி போட்டுக் கழுவியவர். பத்துப் பேரில் ஆறு பேருக்காவது அது யார் தட்டு என்று தெரியும். அவர்கள் வீட்டு மதிலிலும் அதே மாதிரி தட்டு கிடந்தது. ஒருவரும் இருமக்கூட இல்லை. பூசாரி கற்பூரம் கேட்டார். கண்ணாடிக் கதவு திறந்தது. நீலக் கரையில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். பூசாரி விரலால் தடவிக்கொண்டே வந்து, பெயர்ந்த இடத்தில் நின்றார். "பாருங்க, பாருங்க. சங்கு! வலம்புரிச் சங்கு உருவம் தானா விழுந்திருக்கு!"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மகள் பசிக்குத் தட்டின இடத்தைப் பார்த்து.

அன்று மத்தியானம் பூவாயிக்குச் சோறு போடத் தட்டு இல்லை. கோமளவல்லியம்மா சந்தையில் ஒரு அலுமினியத் தட்டு வாங்கி வரச் சொல்லி அதில் போட்டார். அதைக் கழுவிக் கீழறையில் வைத்தாள் பூவாயி. மறுநாள் அதுவும் மேலே. அதற்கும் சந்தனம். இன்னொன்று வாங்கினார்கள். அதுவும் மேலே. ஒரு வாரத்தில் கண்ணாடி அடுக்கில் இடம் போதாமல் தங்கக் கரைப் பீங்கானை எடுத்துப் பரணில் போட்டார்கள். வேலைக்காரிக்கு அதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று அந்த வீட்டில் நாய்க்குக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் செய்தித்தாளில் சோறு போட்டார்கள். தாள் ஏறாது, ஏறினாலும் தூக்கிப் போடலாம். ரசம் ஊற்றினால் தாள் ஊறி எழுத்து சோற்றில் ஒட்டும். "இன்னைக்கு மந்திரி பேச்சைத் தின்னேங்க, உப்பே இல்ல" என்று வந்து சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

செய்தி பரவியது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமித் தட்டு வேண்டியிருந்தது. கடையிலிருந்து பளபளவென்று புதுத் தட்டு கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கக் கீழறையில் வைத்துப் பார்த்தார்கள். வைத்த இடத்திலேயே கிடந்தது. தாங்கள் சாப்பிடும் வெள்ளித் தட்டை வைத்துப் பார்த்தார்கள், அதுவும் கிடந்தது. தலைமையாசிரியர் சம்சாரம்தான், வேறு வழியில்லாமல், தன் வீட்டு மதில் மேல் கிடந்த தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த மறுநாள் ஏறியது.

காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. மதில்களெல்லாம் காலியாயின. மதில் தட்டு தீர்ந்த பிறகு புதுத் தட்டு வாங்கி, வேலைக்காரியைக் கூப்பிட்டு, மூன்று நாள் அதில் சோறு போட்டு, தட்டைப் பழுக்க வைத்தார்கள். பழைய கஞ்சி ஊற்றிய தட்டு சில சமயம் ஏறுவதில்லை என்று யாரோ கிளப்பிவிட, நெய் ஊற்றிக்கூடப் போட்டார்கள். அதுவரை வேலைக்காரிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காத வீட்டில் எல்லாம், "உக்காருடி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி, நல்லா வழிச்சுச் சாப்பிடுடி" என்று பக்கத்தில் நின்று உபசாரம். அந்த ஒரு மாசம் பனிமேட்டு வேலைக்காரிகள் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். அவர்கள் தின்று முடித்ததும் வீட்டுக்காரர்கள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு கீழறைக்கு ஓடுவார்கள். அங்கே வரிசை. வேலைக்காரி வாய் பட்டதால் சாமியாகிற தட்டைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவள் பூஜை அறை வாசலைத் தாண்டினால் அடிக்கப் போனார்கள். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு அவர்களால் எப்படித் தூங்க முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நன்றாகவே தூங்கினார்கள்.

பூவாயி இரண்டு தரம் கேட்டாள்.

"அம்மா, அந்த முதல் தட்டை மட்டும் குடுத்திடுங்கம்மா. மத்ததெல்லாம் இருக்குல்ல."

"சாமியவே கேக்கறியாடி நீ?"

முதலாளியைக் கேட்டாள். அவர் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "போயும் போயும் ஒரு தட்டுக்கா இப்படி நிக்கிறே? பத்துத் தட்டு வாங்கித் தரேன் போ."

"பத்துல எதுலயும் அந்தச் சில்லு இருக்காதுங்களே."

"எந்தச் சில்லு? சங்கா?"



தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நகை ஆசாரி வந்தார். மூலத்தட்டுக்கு, அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள், வெள்ளிக் கவசம் செய்வதாக ஏற்பாடு. ஆசாரி அளவெடுத்துவிட்டு, கரையில் பள்ளம் இருப்பதால் கவசம் உட்காராது, பள்ளத்தை அரக்கு வைத்து நிரவி, மேலே வெள்ளியில் ஒரு சங்கு அடித்துப் பொருத்திவிடுகிறேன் என்றார். பூசத்தன்று விருந்து, சாயங்காலம் கவசம் சாத்துதல்.

ஆசாரி வந்துபோன அன்று சாயங்காலம் பூவாயி வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அரக்கு ஊத்தி மூடிட்டா அவ போயிடுவாளுங்க" என்றாள்.

"விடு புள்ள. போனவ போயிட்டா."

"நீங்க சொல்றீங்க அப்படி?"

நான் சொன்னேன். எழுத வந்தவன் இதையும் எழுத வேண்டும். வேலை போகும், வீடு போகும் என்று நான் பயந்தேன். இரண்டு தரம் மரம் ஏறினவன், அந்த வீட்டுப் படியேறிக் கேட்கவில்லை. குரங்கிடம் எனக்கு வராத பயம் அவர்களிடம் வந்தது. அந்த ஊரை ஏசுகிற வாயால் அன்றைய சடையனையும் நான் சேர்த்தே ஏசிக்கொள்கிறேன்.

"திருடிக்கிட்டு வந்தா போலீஸ் வரும்" என்றேன்.

"எதுக்குத் திருடணும்? அவங்களே தூக்கிப் போடுவாங்க. நீங்க பூசத்தன்னிக்கு மத்தியானம் வாசல் கேட்டுக்கிட்ட வந்து நில்லுங்க, போதும்."

பூசத்தன்று ஊரின் பெரிய வீடுகள் அத்தனையும் அந்த அறையில் இருந்தன. கூட்டம் அதிகம் என்பதால் மேஜையை நாற்காலிகளோடு சுவரோரம் தள்ளிவிட்டு, சைடுபோர்டுக்கு முன்னால் தரையில் பந்திப்பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். சலவைக்கல் பலகையில் சிவப்புப் பட்டு விரித்து, நீலக்கரைத் தட்டை நிறுத்தி, ரோஜா மாலை போட்டிருந்தது. சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, அறுபது பேரும் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில் பூவாயி உள்ளே வந்தாள்.

நேரே சைடுபோர்டுக்குப் போனாள். மாலையைக் கழற்றிப் பட்டின் மேல் வைத்தாள். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். பரிமாறுகிறவன் வாளியோடு வாய் பிளந்து நிற்க, அவன் வாளியிலிருந்தே அகப்பையால் சோறு போட்டுக்கொண்டாள். சாம்பார் ஊற்றிக்கொண்டாள். பொரியல் வைத்துக்கொண்டாள். பிறகு சுவரோரம் போய், யாரும் உட்காராத அந்த ஆறு நாற்காலியில் ஒன்றை இழுத்துப் போட்டு, மேஜையில் தட்டை வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பந்தியில் பாதியில் எழுந்தால் விருந்து வைத்தவனுக்கும் ஆகாது, எழுந்தவனுக்கும் ஆகாது என்பது அங்கே சட்டம். எழுந்தாலும் எச்சில் கையோடு அவளைத் தொட முடியாது. தொட்டால் அவள் தீட்டு, தொடாவிட்டால் சாமி போகிறது. அறுபது பேரும் பிசைந்த கையோடு, இலைக்கு முன்னால் தரையில், கழுத்தை அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பருப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்து கொஞ்சம் நிதானித்துத்தான் சாப்பிட்டாள். சைடுபோர்டின் கண்ணாடியில் அவள் ஒருத்தி உயரமாகத் தெரிந்தாள், அவர்கள் எல்லாரும் தலையாகத் தெரிந்தார்கள்.

கோமளவல்லியம்மாவுக்குக் குரல் வந்தபோது கூரை அதிர்ந்தது. "எச்சில் பண்ணிட்டாளே! எச்சில் பண்ணிட்டாளே!"

ஒன்பது வருஷம் அவள் தின்ற எச்சிலைத்தான் சந்தனம் பூசிக் கும்பிட்டார்கள். அன்றைக்குத் தின்றது மட்டும் எச்சிலாகிவிட்டது.

பூசாரி சிற்றம்பலம் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "இறங்கிடுச்சுங்க. இனிமே அது வெறும் தட்டு."

"தூக்கிக்கிட்டுப் போடி! அந்தச் சனியனை இந்த வீட்டுல வெக்காதே! தூக்கிக்கிட்டுப் போ!"

"சரிங்கம்மா" என்றாள் பூவாயி.

தட்டை வழித்துச் சாப்பிட்டு, பின்கட்டுக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கு வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை அந்தச் சில்லின் மேல் வைத்தாள். அரக்கு இல்லை.

பொழுது சாய்வதற்குள் அவுட்ஹவுஸைக் காலி செய்துவிட்டோம். ஒரு பெட்டி, ஒரு பாய், அந்தத் தட்டு. சேலத்தில் லாரி ஆபீஸில் மூட்டை தூக்கினேன். முதுகு கெட்டது. அவள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

மலையில் நடந்தது பிறகு காதுக்கு வந்தது. ஒரு தட்டு இறங்கிவிட்டால் எல்லாத் தட்டும் சந்தேகம்தானே. மறுநாளே அத்தனை வீட்டுச் சாமித் தட்டையும் கல்லுடைக்கிற பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேலைக்காரிகள் போய் ஆளுக்கொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டார்களாம், தன் தட்டைக் கண்டுபிடிக்கிறதில் ஒருத்திக்கும் சிரமம் இருக்கவில்லையாம். சைடுபோர்டின் கீழறைக்கு ஆணி அடித்தார்கள். வேலைக்காரர்களுக்குத் தாளில் சோறு, பிறகு காகிதக் கப்பில் காபி. பேச்சு அதோடு முடிந்தது. ஓர் அதிசயம் வந்து ஒரு மாசம் கதவைத் தட்டியதற்கு அந்த ஊர் கண்டுபிடித்த பதில் காகிதக் கப்.

எங்கள் வீட்டில் சுவரில் இரண்டு பலகை அடித்திருக்கிறேன். தட்டைக் கீழ்ப் பலகையில்தான் வைப்போம். முப்பத்தைந்து வருஷம் அது வைத்த இடத்தில் இருந்தது. அவள் முதலில் சாப்பிடுவாள், அதே தட்டில் நான் பிறகு. அவள் போன பிறகு நான் மட்டும். சில்லு எப்போதும் என் பக்கம் இருக்கும்.

போன மாசம் ஒரு கார் வந்து நின்றது. தணிகாசலத்தின் பேரன். பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றிவிட்டானாம். சைடுபோர்டைப் பாலிஷ் போட்டு, சாப்பாட்டு அறையில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறானாம், வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். அதன் கதையைப் பலகையில் எழுதி மாட்டப் போகிறானாம்.

"அந்த ஒரிஜினல் தட்டு உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாங்க பெரியவரே. அது நடுவுல இருந்தாத்தான் அந்த சைடுபோர்டுக்கே அழகு. ரொம்ப மரியாதையா, கண்ணாடிக்குள்ள வெச்சுப் பார்த்துக்கறேன். எங்க குடும்பச் சொத்து மாதிரி." கையை நீட்டினான். நல்ல கை, கடிகாரம் கட்டின கை.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோர்ச்சோறு, ஊறுகாய். பாதி தட்டு மீதமிருந்தது. அப்படியே எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"வாங்கிக்க தம்பி. எச்சில்தான்."

நீட்டின கை பின்னால் போயிற்று. தட்டை அவன் தொடவே இல்லை. ஆனாலும் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

நான் தட்டை மடியில் வைத்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.